உட்கருவிலா, வெளியிலா? சமிக்ஞைப் புரதம் தவறான இடத்தில் தெரிந்தால் எங்கே தேடுவது

இம்யூனோஃப்ளோரசன்ஸ் படத்தில் (ஒளிரும் ஆன்டிபாடியால் புரதத்தின் இடத்தைக் காட்டும் படம்) ஒரு சமிக்ஞைப் புரதம், அதாவது செல்லுக்குள் செய்தி கடத்தும் புரதம், உட்கருவில் பளிச்சென்று தெரிந்தால் மூன்றில் ஒன்று நடந்திருக்கும். புரதம் நிஜமாகவே அங்கே இருக்கிறது. அல்லது ஃபிக்ஸ் செய்யும்போது (செல்லை ரசாயனத்தால் அப்படியே நிலைநிறுத்தும்போது) அங்கே போய்விட்டது. அல்லது ஆன்டிபாடி வேறு எதையோ பிடித்துக்கொண்டிருக்கிறது. மூன்றும் கண்ணுக்கு ஒரே மாதிரிதான் இருக்கும். பெங்களூரு ஆய்வகங்களுக்குப் பிஎச்டிக்கும் ப்ராஜெக்ட் வேலைக்கும் வந்திருக்கும் தமிழ்ப் பிள்ளைகள் கன்ஃபோகல் மைக்ராஸ்கோப் அறை வாசலில் கேட்கிற சந்தேகங்கள் பெரும்பாலும் இதைச் சுற்றியே வருகின்றன. அவற்றை அறிகுறி வாரியாகக் கீழே கொடுத்திருக்கிறோம்.

முதலில், எந்த முறையை வைத்துப் பேசுகிறோம் என்பது. 24 குழித் தட்டு, 12 மி.மீ. வட்டக் கவர்ஸ்லிப், தடிமன் எண் 1.5 (0.17 மி.மீ.). பிபிஎஸ்ஸில் (உப்புக் கரைசல்) 4% பிஎஃப்ஏ (ஃபிக்ஸ் செய்யும் பாராஃபார்மால்டிஹைடு), பிஎச் 7.4, 37 டிகிரிக்கு இளஞ்சூடாக்கியது, 15 நிமிடம். மூன்று முறை பிபிஎஸ் கழுவல். 50 மில்லிமோலார் அமோனியம் குளோரைடு 10 நிமிடம். சவ்வைத் திறக்க 0.2% ட்ரைட்டன் எக்ஸ்-100 10 நிமிடம். 3% பிஎஸ்ஏவுடன் (மாட்டு ஆல்புமின்) 5% சீரம் சேர்த்து 1 மணி நேரம் ப்ளாக்கிங் (ஆன்டிபாடி கண்ட இடத்தில் ஒட்டாமல் தடுப்பது). செகண்டரி (பிரைமரியைப் பிடிக்கும், ஒளிரும் இரண்டாம் ஆன்டிபாடி) எந்த விலங்கில் தயாரானதோ அந்த விலங்கின் சீரம். பிரைமரி (புரதத்தைப் பிடிக்கும் முதல் ஆன்டிபாடி) 4 டிகிரியில் இரவு முழுக்க, செகண்டரி இருட்டில் 1 மணி நேரம், டாபி (டிஎன்ஏ சாயம்) 1 மைக்ரோகிராம்/மி.லி. 5 நிமிடம். பிரைமரியைக் குழியில் ஊற்ற வேண்டாம். பாராஃபிலிமில் 35 மைக்ரோலிட்டர் சொட்டு வைத்துக் கவர்ஸ்லிப்பைக் கவிழ்த்தால் போதும். ஈரத்துணி போட்ட மூடிய டப்பாவில் வைத்தால் காயாது.

கூடவே நான்கு கட்டுப்பாடுகள் வேண்டும்: செகண்டரி மட்டும், தூண்டாத செல், தூண்டிய செல், அந்தப் புரதமே இல்லாத செல். நான்காவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். க்ரிஸ்பர் நாக்-அவுட் (அந்த மரபணுவை நீக்கிய செல்) கிடைக்காவிட்டால் எஸ்ஐஆர்என்ஏ (அந்த மரபணுவை அடக்கும் சிறு ஆர்என்ஏ) கொடுத்து 48 முதல் 72 மணி நேரம் கழித்து ஸ்டெயின் செய்யலாம். ஆன்டிபாடியைச் சோதிக்க 2016-இல் ஒரு சர்வதேசக் குழு பரிந்துரைத்த ஐந்து வழிகளில் மரபணுவை நீக்கிப் பார்ப்பதும் ஒன்று. வெஸ்டர்னில் (புரதங்களை அளவு வாரியாகப் பிரித்து ஆன்டிபாடியால் காணும் முறை) ஒற்றைப் பட்டை வந்துவிட்டது என்பதை மட்டும் வைத்து ஒரு ஆன்டிபாடியை இமேஜிங்குக்கு நம்பாதீர்கள். வெஸ்டர்னில் புரதம் விரிந்து கிடக்கிறது, செல்லில் மடிந்து இருக்கிறது. பிடிக்கும் இடம் மாறலாம்.

இன்னொன்று: ஒரு புரதத்துக்கு ஓர் இடம்தான் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஹியூமன் புரோட்டீன் அட்லஸ் 2017-இல் வெளியிட்ட வரைபடத்தில் 12,003 மனிதப் புரதங்கள் செல்லுக்குள் 30 கட்டமைப்புகளில் எங்கெங்கே இருக்கின்றன என்று குறிக்கப்பட்டது. சுமார் பாதிப் புரதங்கள் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் இருந்தன. அந்த அட்லஸைப் பார்க்கும்போது படத்தோடு நம்பகத்தன்மைக் குறியையும் பாருங்கள். ‘அன்சர்ட்டன்’ என்று போட்டிருந்தால் அந்தப் படத்தை உங்கள் முடிவுக்குத் துணையாகக் காட்டுவதில் பயனில்லை.

அறிகுறி: தூண்டாத செல்லிலேயே உட்கருவில் தெரிகிறது

அழற்சிச் சமிக்ஞைப் பாதையான என்எஃப்-கப்பா-பியின் பி65 புரதம்தான் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஆரோக்கியமான, தூண்டப்படாத செல்லில் ஐகப்பாபி-ஆல்ஃபா என்ற தடுப்புப் புரதம் அதைச் சைட்டோபிளாசத்தில் பிடித்து வைத்திருக்கும். உங்கள் கட்டுப்பாட்டுச் செல்லில் உட்கரு ஒளிர்கிறதென்றால் இந்த வரிசையில் பாருங்கள்.

மைக்கோபிளாஸ்மா (வளர்ப்புச் செல்லைத் தொற்றும் மிகச் சிறிய பாக்டீரியா). டாபி சேனலின் கெயினை ஏற்றி, உட்கருவுக்கு வெளியே பாருங்கள். செல்லின் மேலும் ஓரத்திலும் பொடிப்பொடியாக டிஎன்ஏ புள்ளிகள் தெரிந்தால் சோதனையை நிறுத்துங்கள். மைக்கோபிளாஸ்மாவின் லிப்போபுரதங்கள் டிஎல்ஆர்2 என்ற ஏற்பி வழியாக என்எஃப்-கப்பா-பியை ஏற்கெனவே தூண்டிவிட்டிருக்கும். பிசிஆரில் உறுதிசெய்துகொண்டு, செல்லைத் தூக்கிப் போட்டுவிட்டு, பழைய ஃப்ரீஸிங்கிலிருந்து புதிதாக எடுப்பதே மேல். மருந்து போட்டுச் சுத்தம் செய்த செல்லை மீண்டும் மீண்டும் சோதிக்க வேண்டியிருக்கும்.

செல்லின் தடிமன். சாதாரண ஃப்ளோரசன்ஸ் மைக்ராஸ்கோப்பில் தட்டையான செல்லுக்கு உட்கரு இருக்கும் இடம்தான் மேடு. செல் முழுக்கச் சமமாகக் கரைந்திருக்கும் புரதம்கூட அங்கே அதிக வெளிச்சமாகத் தெரியும். வெறும் ஜிஎஃப்பியை (பச்சையாக ஒளிரும் புரதம்) அதே செல்லில் வெளிப்படுத்தி ஒப்பிட்டால் இது புரிந்துவிடும். 27 கிலோடால்டன் உள்ள ஜிஎஃப்பி உட்கருத் துளை வழியாகத் தானே உள்ளே போய் வரும். அதன் உட்கரு-சைட்டோபிளாச ஒளி விகிதத்தைவிட உங்கள் புரதத்தின் விகிதம் கூடவில்லையென்றால் ‘உட்கருவில் குவிந்திருக்கிறது’ என்று எழுத முடியாது. கன்ஃபோகலில் பின்ஹோலை (குவியத்துக்கு வெளியேயுள்ள ஒளியைத் தடுக்கும் துளை) 1 ஏரி (Airy) அலகில் வைத்து, உட்கருவின் நடு உயரத்தில் ஒரு தளத்தை மட்டும் எடுங்கள்.

செல் அடர்த்தி. செல் வளர்ச்சியைத் தூண்டும் யாப் (YAP) புரதத்தின் விஷயத்தில் இதுதான் முதல் காரணம், இதை எழுதி வைக்காத நோட்டுப் புத்தகங்கள்தான் அதிகம். செல்கள் அடர்ந்திருக்கும்போது லேட்ஸ் கைனேஸ் என்ற நொதி யாப்பின் செரின் 127-இல் பாஸ்பேட் போடும். 14-3-3 என்ற புரதம் அதைச் சைட்டோபிளாசத்தில் பிடித்துக்கொள்ளும். செல்கள் அரிதாக இருந்தால் யாப் உட்கருவுக்குள் போய்விடும். ஆகவே, ‘நோய்ச் செல்லில் யாப் உட்கருவில், நல்ல செல்லில் வெளியே’ என்று வரும் படங்களில் முதலில் பார்க்க வேண்டியது இரண்டு கவர்ஸ்லிப்பிலும் எத்தனை செல் இருந்தது என்பதைத்தான். எம்சிஎஃப்-10ஏ போன்ற எபிதீலியச் செல்லுக்கு 24 குழித் தட்டில் குழிக்கு 20,000, 2,00,000 என இரண்டு அடர்த்தியில் விதைத்து, மறுநாள் இரண்டையும் சேர்த்து ஸ்டெயின் செய்யுங்கள். இரண்டுக்கும் வித்தியாசமே இல்லையென்றால் ஆன்டிபாடி மீது சந்தேகம் கொள்ளுங்கள். சீரத்தில் இருக்கும் எல்பிஏ என்ற கொழுப்பு மூலக்கூறு யாப்பை உள்ளே தள்ளும், சீரம் இல்லாமல் வைத்தால் வெளியே வரும். நோய்ச் செல்லையும் நல்ல செல்லையும் வேறு வேறு மீடியத்தில் வளர்த்துவிட்டு ஒப்பிடுவது இந்த இடத்தில் சிக்கலாகிவிடும்.

இவை எல்லாம் சரியாக இருந்தால் நோயே காரணமாக இருக்கலாம். பெருங்குடல் புற்றுநோய்ச் செல்லான எஸ்டபிள்யூ480-இல் ஏபிசி புரதம் பாதியில் வெட்டுப்பட்டிருப்பதால் பீட்டா-கேட்டனின் என்ற சமிக்ஞைப் புரதம் அழியாமல் சேர்ந்து, எந்தத் தூண்டலும் இல்லாமலேயே உட்கருவில் இருக்கும். பீட்டா-கேட்டனின் ஆன்டிபாடிக்கு அதையே நேர்மறைக் கட்டுப்பாடாக வைத்துக்கொள்ளலாம்.

அறிகுறி: தூண்டியும் நகரவில்லை

நேரம் தப்பியிருக்கும். பத்தில் எட்டு முறை என்று சொல்லத் தோன்றுகிறது, கணக்கு எடுத்ததில்லை. அழற்சியைத் தூண்டும் டிஎன்எஃப்-ஆல்ஃபாவை 10 நானோகிராம்/மி.லி. கொடுத்தால் பி65 உட்கருவில் உச்சம் தொடுவது 20 முதல் 30 நிமிடத்தில். அங்கே அது ஐகப்பாபி-ஆல்ஃபா மரபணுவையே இயக்குகிறது. புதிதாக உருவாகும் ஐகப்பாபி-ஆல்ஃபா உள்ளே வந்து பி65-ஐ வெளியே கூட்டிக்கொண்டு போகிறது. 60 நிமிடத்தில் ஃபிக்ஸ் செய்தவருக்கு ‘ஒன்றும் நடக்கவில்லை’ என்று தோன்றும். டிஎன்எஃப் தொடர்ந்து இருந்தால் சில செல் வகைகளில் சுமார் 100 நிமிட இடைவெளியில் பி65 உள்ளும் வெளியும் ஊசலாடும். பக்கத்துப் பக்கத்துச் செல்கள் ஒரே தாளத்தில் ஆடாது. எனவே நீண்ட நேரத்துக்குப் பிறகு எடுத்த சராசரி எப்போதும் ‘சுமார்’ என்றே வரும். செல் செல்லாகப் பரவலைப் பாருங்கள்.

0, 5, 15, 30, 60, 120 நிமிடம் என்று ஒரு முறை வைத்துவிடுங்கள். தூண்டலைப் பின்னோக்கிக் கொடுங்கள், அதாவது 120 நிமிடக் குழிக்கு முதலில். அப்போதுதான் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஃபிக்ஸ் செய்ய முடியும். மற்ற புரதங்களின் வேகம் வேறு: டிஜிஎஃப்-பீட்டா 5 நானோகிராம்/மி.லி. கொடுத்தால் ஸ்மாட்2/3 உள்ளே சேர 45 முதல் 60 நிமிடம்; பீட்டா-கேட்டனினுக்கு, அதன் பாதையைத் தூண்டும் சிஎச்ஐஆர்99021 3 மைக்ரோமோலாரில் பல மணி நேரம், வசதிக்கு இரவு முழுக்க விடலாம். ஃபாக்ஸோ புரதம் எதிர்த் திசையில் ஓடும். இன்சுலின் கொடுத்தால் வெளியே வரும், பிஐ3கே தடுப்பானைக் கொடுத்தால் உள்ளே போகும்.

அடுத்தது லிகண்ட், அதாவது செல்லைத் தூண்டக் கொடுக்கும் மூலக்கூறு. பொடியாக வரும் டிஜிஎஃப்-பீட்டாவை வெறும் பிபிஎஸ்ஸில் கரைத்தால் பிளாஸ்டிக் சுவரில் ஒட்டிக்கொண்டுவிடும். 4 மில்லிமோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 0.1% பிஎஸ்ஏ சேர்த்துக் கரைத்து, சிறு பங்குகளாகப் பிரித்து மைனஸ் 80-இல் வையுங்கள். வெளிநாட்டிலிருந்து வரும் பார்சல் தேவனஹள்ளி விமான நிலையத்தில் இறங்கி உங்கள் ஃப்ரீஸருக்கு வருவதற்குள் உலர்பனி தீர்ந்திருந்தால், புட்டியில் தேதியோடு அதைக் குறித்துவையுங்கள். பழைய புட்டியையும் புதியதையும் ஒரே நாளில் ஒப்பிட்டுவிட்டால் சண்டை தீர்ந்தது.

லிகண்ட் சரி, நேரமும் சரி, அப்போதும் அசைவில்லையா? லெப்டோமைசின் பி 20 நானோமோலாரில் 1 முதல் 2 மணி நேரம் கொடுங்கள். எத்தனால் மட்டும் கொடுத்த கட்டுப்பாடும் வேண்டும். இது ஏற்றுமதிப் புரதமான சிஆர்எம்1-இன் சிஸ்டைன் 528-ஐப் பிடித்து வெளியே போகும் வழியை அடைத்துவிடும். தூண்டாத செல்லிலும் பி65 மெல்ல உள்ளே போய் வந்துகொண்டுதான் இருக்கிறது. வெளிவழியை அடைத்தால் உள்ளே சேர்ந்துவிடும். லெப்டோமைசினுக்குப் பிறகு உட்கரு ஒளிர்ந்தால் ஆன்டிபாடியும் ஸ்டெயினிங்கும் சரி, கோளாறு தூண்டலில். அப்போதும் ஒளிரவில்லையென்றால் கோளாறு ஸ்டெயினிங்கில். இதே வெளிவழியைக் குறிவைக்கும் செலினெக்ஸார் 2019-இல் அமெரிக்காவில் மல்டிபிள் மைலோமாவுக்கு அனுமதி பெற்றது. அந்த மருந்தோடு வேலை செய்பவர்கள், அது சிஆர்எம்1 தூக்கிச்செல்லும் பல புரதங்களின் இடத்தை ஒரே நேரத்தில் மாற்றிவிடும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படம் பார்க்க வேண்டும்.

அறிகுறி: சவ்வில் கோடாக இருக்க வேண்டியது செல் முழுக்கக் கலைந்து தெரிகிறது

மெத்தனால் பயன்படுத்தினீர்களா? மைனஸ் 20 மெத்தனால் கொழுப்பைக் கரைத்துவிடும். கரையும் புரதங்கள் சிலவற்றை அடித்துக்கொண்டு போகும். சவ்வோடு கொழுப்பு வாலால் மட்டும் ஒட்டியிருக்கும் ராஸ் போன்றவற்றுக்கு ட்ரைட்டன்கூட ஆகாது. அவற்றுக்கு 0.1% சாப்போனின். சாப்போனின் போட்ட துளை கழுவியதும் மூடிக்கொள்ளும் என்பதால் ஆன்டிபாடி கலவை, கழுவும் பிபிஎஸ் எல்லாவற்றிலும் அதைச் சேர்க்க வேண்டும். இதை மறந்துவிட்டு ‘சாப்போனின் வேலை செய்யவில்லை’ என்பார்கள்.

பிஎஃப்ஏ பழையதா? அலமாரியில் நிற்கும் 37% ஃபார்மலின் பாட்டிலில் 10 முதல் 15% மெத்தனால் கலந்திருக்கும். அதை நீர்த்து 4% ஆக்கினால் கொஞ்சம் மெத்தனாலும் கூடவே வரும். உடைத்தவுடன் பயன்படுத்தும் 16% ஆம்பூல் நல்லது. உருக்கிய பங்கை மறுபடி உறைய வைக்காதீர்கள்.

பிஎஃப்ஏ உடனடியாகப் பிடித்து நிறுத்திவிடும் என்று நினைப்பதும் தப்பு. வினை முடிய நிமிடங்கள் ஆகும்; அதற்குள் வேகமாக ஒட்டிப் பிரியும் புரதங்கள் இடம் மாறும். செல் பிரியும் நேரத்தில் குரோமோசோமில் உட்கார்ந்திருக்கும் சில டிரான்ஸ்கிரிப்ஷன் புரதங்கள், ஃபிக்ஸ் செய்ததும் குரோமோசோமை விட்டு விலகியது போலத் தெரிவது உயிருள்ள செல் படங்களோடு ஒப்பிட்டபோதுதான் வெளிவந்தது. முடிவு முக்கியமானதாக இருந்தால் ஜிஎஃப்பியைச் சொந்த மரபணுவிலேயே இணைத்த செல்லில் உயிரோடு ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

பீட்டா-கேட்டனின் கோடு வரவில்லையென்றால் செல்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றனவா என்று பாருங்கள். இ-கேட்ஹெரின் என்ற ஒட்டுப் புரதத்தோடு சேர்ந்து அது நிற்பது செல்-செல் இணைப்பில். தனித்தனியாக நிற்கும் செல்லில் அந்தக் கோடு எங்கிருந்து வரும்? எல்லையைக் காட்ட ஃபாலாய்டின் (ஆக்டின் இழைகளில் ஒட்டும் சாயம்) போடுகிறீர்களென்றால் மெத்தனால் கூடாது, ஒட்டாது.

ஈஜிஎஃப்ஆர் (ஈஜிஎஃப் வளர்ச்சிக் காரணியின் ஏற்பி) மேல்பரப்பில் மட்டும் வேண்டுமென்றால் வெளிப்புறப் பகுதியைப் பிடிக்கும் ஆன்டிபாடி, ட்ரைட்டன் இல்லாமல். ஆனால் பிஎஃப்ஏ மட்டுமே சில செல்களில் சவ்வை ஓட்டையாக்கிவிடும். ஒரு கவர்ஸ்லிப்பில் செல்லுக்குள் இருக்கும் ஆல்ஃபா-டியூபுலினுக்கான ஆன்டிபாடியும் போடுங்கள். அது ஸ்டெயின் ஆனால் சவ்வு திறந்துவிட்டது என்று பொருள்.

அறிகுறி: உட்கருவைச் சுற்றி வளையம், உள்ளே கறுப்பு

ஆன்டிபாடி உள்ளே போகாமல் இருக்கலாம். உட்கரு உறையின் உட்புறத்தில் இருக்கும் லாமின் ஏ/சி புரதத்துக்கான ஆன்டிபாடி போட்டுச் சோதியுங்கள். லாமின் தெரிந்தால் வழி திறந்திருக்கிறது, வளையம் நிஜம். தெரியாவிட்டால் ட்ரைட்டனை 0.5% ஆக்குங்கள், ஃபிக்ஸ் நேரத்தை 10 நிமிடமாகக் குறையுங்கள். டிஜிட்டோனின் பயன்படுத்தியவர்களுக்கு இது எதிர்பார்த்த விளைவே. அது கொலஸ்ட்ரால் அதிகமுள்ள வெளிச்சவ்வைத்தான் துளைக்கும், உட்கரு உறையை விட்டுவிடும். நிஜ வளையமும் உண்டு. ஸ்டிங் புரதம் ஓய்வில் எண்டோபிளாசச் சவ்வில் இருக்கும், அதைத் தூண்டும் சிஜிஏஎம்பி வந்ததும் உட்கருவின் ஒரு பக்கம் கோல்கியில் போய்க் கூடும். கோல்கியின் அடையாளப் புரதமான ஜிஎம்130 சேர்த்துப் போட்டால் சொல்லிவிடலாம்.

அறிகுறி: புள்ளி புள்ளியாக

செகண்டரி மட்டும் போட்ட கவர்ஸ்லிப்பிலும் புள்ளி இருந்தால், செகண்டரி கட்டியாகிவிட்டது. பயன்படுத்துமுன் 15,000 ஜியில் 4 டிகிரியில் 10 நிமிடம் சுழற்றி மேல்நீரை மட்டும் எடுங்கள். கவர்ஸ்லிப்பை மவுண்ட் செய்யுமுன் காய்ச்சிவடித்த நீரில் ஒரு முக்கு முக்கினால் உப்புப் படிகமும் போகும். குழாயில் வரும் போர்வெல் தண்ணீர் வேண்டாம். பிளாஸ்மிடில் அளவுக்கு மீறி வெளிப்படுத்திய டிஷெவெல்டு போன்ற புரதங்கள் தாமாகவே புள்ளியாகக் கூடும். டிஎன்ஏ அளவைக் குறைத்துப் பாருங்கள். ஈஜிஎஃப் 100 நானோகிராம்/மி.லி. கொடுத்து 15 நிமிடத்தில் ஈஜிஎஃப்ஆர் புள்ளிகள் ஈஈஏ1 என்ற அடையாளப் புரதத்தோடு பொருந்தினால் அவை எண்டோசோம்கள் (செல் உள்ளிழுக்கும் பைகள்), கொண்டாடலாம்.

டாபியின் வடிவத்திலேயே பச்சைச் சேனல் ஒளிர்ந்தால் அது சேனல் கசிவு. சேனல்களை ஒன்றன்பின் ஒன்றாக எடுங்கள். யூவி விளக்கில் செல் தேடிக்கொண்டே இருந்தால் டாபி தானே பச்சையிலும் ஒளிரத் தொடங்கும். பச்சைச் சேனலை முதலில் எடுத்துவிடுங்கள்.

அறிகுறி: படம் ஒன்று சொல்கிறது, வெஸ்டர்ன் வேறு சொல்கிறது

உட்கரு, சைட்டோசால் என்று பிரித்து ஓட்டும்போது இரண்டிலும் சம மைக்ரோகிராம் ஏற்றுகிறார்கள். உட்கருப் பின்னத்தில் மொத்தப் புரதம் குறைவு என்பதால், சமமாக ஏற்றினால் உட்கருவின் பங்கு ஊதிப்போகும். சம எண்ணிக்கைச் செல்லிலிருந்து வந்த அளவை ஏற்றுங்கள். செல்லை டிரிப்சினால் எடுக்காமல் பனிக்கட்டி மேல் சுரண்டி எடுங்கள். டிஜிட்டோனின் 40 மைக்ரோகிராம்/மி.லி. 10 நிமிடம், பிறகு 1,000 ஜியில் 5 நிமிடம். படிவை இரண்டு முறை கழுவுங்கள். அடையாளப் புரதங்கள்: உட்கருவுக்கு லாமின் ஏ/சி, சைட்டோசாலுக்கு டியூபுலின், எண்டோபிளாசச் சவ்வுக்குக் கால்நெக்ஸின். ஜிஏபிடிஎச் வேண்டாம், அது உட்கருவிலும் கொஞ்சம் இருக்கும். கால்நெக்ஸின் உட்கருப் பின்னத்தில் நிறைய இருந்தால் அது இன்னும் சுத்தமாகவில்லை. கரையும் உட்கருப் புரதங்கள் பிரிக்கும்போது வெளியே ஒழுகிவிடும். படத்தில் உட்கரு, வெஸ்டர்னில் சைட்டோசால் என்று வந்தால் பெரும்பாலும் படத்தையே நம்பலாம்.

அறிகுறி: செல்லில் சரி, நோயாளியின் திசுவில் குழப்பம்

திசுவைத் தொடுமுன் நெறிமுறைக் குழுவின் அனுமதி. ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 வழிகாட்டுதல்கள் பொருந்தும்.

பாரஃபின் மெழுகில் பதித்த திசுவின் வெட்டில் எபிடோப்பை (ஆன்டிபாடி பிடிக்கும் இடம்) மீட்க சிட்ரேட் பிஎச் 6.0, டிரிஸ்-ஈடிடிஏ பிஎச் 9.0 இரண்டையும் முயலுங்கள், 95 முதல் 100 டிகிரியில் 20 நிமிடம். பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 97 டிகிரி வாக்கில் கொதித்துவிடும். 100 வரட்டும் என்று காத்திருந்தால் பஃபர் வற்றுவதுதான் மிச்சம். பிரஷர் குக்கர் நன்றாகவே வேலை செய்யும், ஆனால் விசில் எண்ணாதீர்கள். முழு அழுத்தம் வந்ததிலிருந்து 3 நிமிடம் கடிகாரம் பார்த்து. பிறகு பஃபரிலேயே 20 நிமிடம் ஆறவிடுங்கள். சூட்டோடு எடுத்தால் வெட்டு கண்ணாடியிலிருந்து கழன்றுவரும்.

துண்டின் ஓரத்தில் பாஸ்போ-ஸ்டாட்3 (பாஸ்பேட் ஏறிய ஸ்டாட்3 புரதம்) பிரகாசம், நடுவில் ஒன்றுமில்லை என்றால் அது உயிரியல் இல்லை. ஃபார்மலின் வெளியிலிருந்து மெல்ல ஊறி உள்ளே போகிறது. அதற்குள் நடுவிலிருக்கும் பாஸ்ஃபடேஸ்கள் பாஸ்பேட்டை வெட்டிவிடுகின்றன. அறுவை அரங்கில் எடுத்த நேரம், ஃபார்மலினில் போட்ட நேரம் இரண்டையும் கேட்டு வாங்குங்கள். அது இல்லாத பாஸ்போ ஒப்பீட்டைச் செய்யாமல் இருப்பதே நேர்மை. பாஸ்போ ஆன்டிபாடியைச் சரிபார்க்க ஒரு வெட்டில் லாம்ப்டா பாஸ்ஃபடேஸ் கொடுங்கள். ஒளி போக வேண்டும்.

வயதானவர் திசுவில் லிப்போஃபுசின் என்ற நிறமி பச்சையிலும் சிவப்பிலும் தானாக ஒளிரும். 70% எத்தனாலில் 0.1% சூடான் ப்ளாக் பி 10 முதல் 20 நிமிடம் அதை அடக்கும், தூரச் சிவப்பில் மட்டும் கொஞ்சம் பின்னொளி சேர்க்கும். மனிதத் திசுவில் மனித ஐஜிஜி (மனிதரின் சொந்த ஆன்டிபாடி) நிறைந்திருப்பதால், மனித சீரத்துக்கு எதிராகக் கழித்தெடுத்த செகண்டரியை வாங்குங்கள்.

கட்டியை ஒட்டிய ‘நல்ல’ திசுவை அப்படியே ஆரோக்கியம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அங்கே அழற்சி இருந்தால் பி65 உட்கருவில் இருக்கும். பெருங்குடலில் ஒரு வசதி: அதே ஸ்லைடில் இருக்கும் இயல்பான கிரிப்டில் (குழாய் வடிவச் சுரப்பி) பீட்டா-கேட்டனின் சவ்வுக் கோடாக வர வேண்டும். அது வராத ஸ்லைடில் கட்டிப் பகுதியைப் படிக்க வேண்டாம்.

அறிகுறி: கண்ணுக்குத் தெரிகிறது, எண்ணில் வரவில்லை

ஒளி உச்சத்தில் வெட்டுப்பட்ட படத்தில் விகிதம் கணக்கிட முடியாது. மிகப் பிரகாசமான கவர்ஸ்லிப்பை வைத்து லேசரையும் கெயினையும் ஒரு முறை அமைத்து, பிறகு எதையும் தொடாதீர்கள். டாபியை வைத்து உட்கருவை வரையறுத்து, அதைச் சுற்றி 2 முதல் 3 மைக்ரான் வளையத்தைச் சைட்டோபிளாசமாக எடுத்து, பின்னொளியைக் கழித்தபின் விகிதம் போடுங்கள். ஃபிஜி, செல்ப்ரொஃபைலர் மென்பொருள்களில் இது எளிது. ஒரு கவர்ஸ்லிப்பில் 300 செல் எண்ணினாலும் அது ஒரே சோதனைதான். புள்ளியியலுக்கு வெவ்வேறு நாளில் செய்த மூன்று சோதனைகளாவது வேண்டும்.

புற்றுநோய்ச் செல்லில் உட்கரு பெரிது, சுற்றியிருக்கும் சைட்டோபிளாசம் குறைவு. அடர்த்தி மாறாமலேயே உட்கருவில் இருக்கும் மொத்த அளவு கூடியிருக்கும். சராசரி ஒளியின் விகிதமா, மொத்த ஒளியின் பங்கா, எதை அளந்தீர்கள் என்பதைப் படக்குறிப்பிலேயே எழுதிவிடுங்கள்.